கடல் கடந்த கற்களும் கடக்க முடியாத பிள்ளைகளும்

அரியலூர் மண் உலக அறிவியலுக்குப் புதியதன்று. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் திரட்டப்பட்ட தொல்லுயிர்ப் படிமங்களை 1846இலேயே எட்வர்டு ஃபோர்ப்ஸ் இலண்டனில் ஆராய்ந்து விவரித்தார். கிரெட்டேசியக் காலப் பாறை அடுக்கொன்று இன்றும் ‘அரியலூர்’ என்றே அழைக்கப்படுகிறது. பெரம்பலூர், அரியலூர் சேரிகளின் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வுலகில் இடம் உண்டா என்பதே நம் கேள்வி.

மரபணு, புரதம், வளர்சிதை மாற்றம் ஆகியவற்றைத் தனித்தனியே பாராமல் ஒரே வலைப்பின்னலாக ஆராய்வது அமைப்புசார் உயிரியல். 2000இல் சியாட்டிலில் இதற்கெனவே ஒரு நிறுவனம் தோன்றியது; சென்னை ஐ.ஐ.டி.யிலும் இவ்வாய்வு நடைபெறுகிறது. பல நாட்டு ஆய்வகங்கள் தரவுகளைப் பகிராமல் இத்துறை இயங்காது. நம் நாட்டின் ஜீனோம் இந்தியா திட்டமும் 83 மக்கள் குழுக்களின் மரபணுத் தொகுதிகளைத் தொகுத்துள்ளது. குருதி கொடுக்க எல்லாச் சமூகங்களும் வேண்டும். ஆராயும் மேசையில் மட்டும் சிலரே அமர்வது நீதியாகாது.

வாசல் உள்ளூரிலேயே அடைபடுகிறது. 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்ற குழுமூர் அனிதா, நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றும் நீதி கிட்டாமல் 2017 செப்டம்பர் 1 அன்று உயிர்நீத்தார்.

அதைக் கடந்து வருவோருக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆனால் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்களே. பல்கலைக்கழகச் சேர்க்கை ஆணை கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம் ஆகியவற்றை நிலமற்ற கூலிக் குடும்பம் முன்கூட்டியே கடன்பட்டுச் செலுத்த வேண்டும். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே தற்காலிக ஆணை வழங்கப்பட்டது; ஏனையோருக்கு நிதி இருந்தால்தான் என்றது அமைச்சகம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் திட்டம் 36 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆயினும் சேர்க்கைக்கு முந்தைய செலவே பலரைத் தடுத்துவிடுகிறது.

பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக்கவனத்துடன் பேண அரசமைப்பின் 46ஆம் கூறு அரசைப் பணிக்கிறது. ஆகவே, ‘நிதி இருந்தால்’ என்னும் நிபந்தனை நீக்கப்பட வேண்டும். சேர்க்கைக்கு முந்தைய செலவுகளை அரசே ஏற்க வேண்டும். இவ்விரு மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகளிலும் வழிகாட்டும் மையங்கள் அமைய வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.