தாத்தா பெயரில் சிட்டா

மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். ஃபசலி ஆண்டு முடிவதை ஒட்டிக் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அந்த நாட்களில், மனுவோடு வருபவர்களில் பலர் கையில் ஒரே மாதிரியான தாள்கள் இருக்கும். தாத்தா பெயரில் சிட்டா, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எப்போதோ வாய்மொழியாக நடந்த பாகப் பிரிவினையைக் குறித்து வைத்த ஒரு வெள்ளைத்தாள். நிலத்தில் பேரன் பயிர் வைக்கிறான். கணக்கில் இன்னும் தாத்தாதான் பட்டாதாரர்.

கிராமப் பொருளாதாரம் எழ நில உரிமை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் நில நிர்வாகத் துறையில் பெரும்பாலோருக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பேச்செல்லாம் முதல் பட்டாவோடு நின்றுவிடுகிறது. எத்தனை லட்சம் பட்டா, எத்தனை மாதத்தில், டிரோன் வைத்தா, சங்கிலி பிடித்தா என்று கேட்கிறோம். பட்டா கொடுத்த பிறகு அந்த வீட்டில் நடக்கும் முதல் சாவையும் முதல் பாகத்தையும் பற்றி யாரும் கேட்பதில்லை. பட்டாவின் பலன் நிலைப்பதும் போவதும் அங்கேதான்.

இதற்கு ருவாண்டாவைவிடத் தெளிவான பாடம் வேறு நாட்டில் கிடைக்காது. 1994 இனப்படுகொலைக்குப் பின், ஓடிப்போனவர்களும் திரும்பி வந்தவர்களும் ஒரே வயலுக்கு உரிமை கேட்ட நாடு அது. 2005 நிலச் சட்டத்தின் அடிப்படையில் சில ஊர்களில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதும் 1 கோடிக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளைப் பதிந்து முடித்தார்கள். பட்டம் பெற்ற அளவர்களுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, வான்வழிப் படத்தின் அச்சுப்படியைக் கையில் தந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் வரப்பில் நிற்க, அவர்கள் கண்ணெதிரே படத்தில் எல்லைக் கோடு விழுந்தது. ஒரு துண்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 6, 7 டாலர்தான்.

பலன் என்ன? வெள்ளோட்ட ஊர்களை உலக வங்கி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். நிலம் தன்னுடையது என்ற உறுதி வந்தவர்கள் மண்ணரிப்பைத் தடுக்கும் வரப்புகளிலும் படிக்கட்டு நிலங்களிலும் உழைப்பைப் போட்டார்கள். பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களில் இந்த மாற்றம் இரு மடங்காக இருந்தது. பலரும் முதலில் எதிர்பார்க்கும் வங்கிக் கடனில் மட்டும் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. சட்டப்படி பதிவான திருமணம் இல்லாத பெண்களின் உரிமை தளர்ந்தது. வெள்ளோட்டத்திலேயே இது வெளிப்பட்டது நல்லதாயிற்று.

சிக்கல் பிறகு வந்தது. பதிந்த நிலம் கைமாறும்போது, துண்டு சிறியதோ பெரியதோ, ஒரே அளவு கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2013 சட்டம் விவசாய நிலத்தை 1 ஹெக்டேருக்குக் கீழே பிரிக்கத் தடை போட்டது. சராசரிக் குடும்பத்திடம் இருந்ததே அதைவிடக் குறைவு. ஆகவே அண்ணன் தம்பிகள் பதிவேட்டுக்குத் தெரியாமல் பிரித்துக்கொண்டார்கள். அத்தனை பாடுபட்டு எழுதிய கணக்கு, பயிர் செய்பவரை விட்டு விலகத் தொடங்கியது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது பழகிய கதைதான். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது யு.டி.ஆர்., மாநிலத்தின் பட்டாக்களைப் புதுப்பித்தது. அதில் தவறிப்போன பெயர்களுக்கான மேல்முறையீடுகள் இன்றும் ஓயவில்லை. அதைவிடப் பெரிய சுமை, அதன்பின் ஏறாமல் போன வாரிசுகளின் பெயர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்கே சராசரி உடைமை 0.75 ஹெக்டேர். அந்தத் துண்டும் கூட்டுப் பட்டாவில் கிடந்தால் பயிர்க்கடன், சொட்டுநீர் மானியம், பிஎம் கிசான் தவணை, விவசாய மின் இணைப்பு எல்லாவற்றிலும் இழுபறிதான். நிலத்தை அடமானம் வைத்துப் பெரிய முதல் திரட்டலாம் என்ற பேச்சை இங்கே கொஞ்சம் அடக்கியே வாசிக்க வேண்டும். 2002 சர்ஃபேசி சட்டத்தின் ஜப்தி அதிகாரம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. சிறு விவசாயிக்குப் பட்டா தரும் பலன் இந்தச் சிறு கதவுகள் திறப்பதில்தான் இருக்கிறது. அதைக் குறைவான பலன் என்று எண்ணிவிடக் கூடாது.

விற்பனையில் பெயர் மாற வழி பிறந்துவிட்டது. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில் பத்திரம் பதிவானதும் பட்டா கணினி வழியே தானாகவே மாறுகிறது. சாவுக்குப் பத்திரம் இல்லை. அதனால் வாரிசுரிமை அந்தக் கணினி வழியில் நுழையவே முடிவதில்லை. மனு கொடுத்துக் கணக்கில் ஏற்றினாலும் மகள்களின் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 முதலே மாநிலத் திருத்தமும் 2005 முதல் மத்தியத் திருத்தமும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்திருக்கின்றன. இருந்தும் சீர்வரிசையைக் காரணம் காட்டி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்னும் வழக்கம். ருவாண்டாவின் வெள்ளோட்டம் எச்சரித்ததும் இதைப் போன்றதுதான்: கணக்கு எழுதும் நேரத்தில் கவனிக்காவிட்டால் பெண்ணின் உரிமை தளர்ந்துவிடும்.

கைக்கெட்டிய ஒரு வழி இருக்கிறது. கிராம ஊராட்சிகளில் இறப்பைப் பதிபவர் கிராம நிர்வாக அலுவலர். சிட்டாவும் அவர் பொறுப்பிலுள்ள கணக்குதான். ஆண்டுதோறும் இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்டு, இறந்த பட்டாதாரர்களின் பட்டியலை அவர் எடுக்கலாம். மருத்துவமனையில் இறந்து அவர் பதிவேட்டில் வராதவர்களை ஊராரே சொல்வார்கள். மே 1 கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்து, மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளின் பெயரையும் அடுத்து வரும் ஜமாபந்தியிலேயே கட்டணமின்றி ஏற்றலாம். கூட்டாகப் பெயர் ஏறுவது பாதி வேலைதான். மீதிக்கு, மனுவுக்கு மனு தனித்தனியாக அலையாமல், நில அளவர் ஓர் ஊரில் தொடர்ந்து முகாமிட்டு எல்லா உட்பிரிவுகளையும் ஒரே மூச்சில் அளக்க வேண்டும். பக்கத்து வயல்காரரும் அன்று வரப்பில் நிற்பார், புலப்படமும் அன்றே திருத்தப்படும்.