மின்சார காரா, பெட்ரோல் காரா? முதலில் வீட்டு கரன்ட் பில்லை எடுங்க!

தீபாவளி சரக்கெல்லாம் போய், வர வேண்டிய பாக்கி கைக்கு வந்த பிறகுதான் சிவகாசியில் பலரும் பெரிய செலவுகளைப் பற்றி யோசிப்பார்கள். மாடி கட்டுவதா, கார் வாங்குவதா என்ற அந்தப் பேச்சில் இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: "பெட்ரோலா, ஈவியா?"

இரண்டு மணி நேரத் தூரத்தில், தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4-ல் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடாகியிருக்கிறது. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாதான் செலவு" என்கிறது ஒரு தரப்பு. "பேட்டரி போச்சுன்னா பாதி காரே போச்சு" என்கிறது மறு தரப்பு. இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதி, வீட்டு மின்சார பில்லில் இருக்கிறது.

வாங்கும்போது எவ்வளவு வித்தியாசம்?

மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5%. சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆகக் குறைந்தது. இதனால் பெட்ரோல் கார் முன்பைவிட மலிவாகி, விலை இடைவெளி கூடிவிட்டது.

கணக்குக்காக, ஒரே அளவுள்ள இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் 9.5 லட்சம், மின்சாரம் 12.5 லட்சம். வித்தியாசம் 3 லட்சம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13%. பெட்ரோல் காருக்கு அதுவே சுமார் 1.23 லட்சம் ஆகிறது. மாநில அரசின் மின்வாகனக் கொள்கைப்படி மின்சார காருக்குச் சாலை வரி விலக்கு உண்டு. ஆக, உண்மையான வித்தியாசம் சுமார் 1.77 லட்சம்தான்.

ஆனால், இந்த விலக்குக்குக் காலவரம்பு உண்டு. அது இல்லாமல் போனால், 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கான 18% வரி, அதாவது 2.25 லட்சம், தலையில் விழும். மொத்தக் கணக்கும் தலைகீழாகிவிடும். புக்கிங் போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஓட்டும்போது எவ்வளவு மிச்சம்?

சிவகாசியில் வீடு, விருதுநகரில் வேலை என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வர சுமார் 54 கி.மீ. மாதம் 25 நாள் என்றால் 1,350 கி.மீ. இரண்டு மாதத்துக்கு 2,700 கி.மீ.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்து, லிட்டர் 100 ரூபாய் என்றால், இரண்டு மாதச் செலவு 18,000 ரூபாய்.

மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், யூனிட்டுக்கு சுமார் 6 கி.மீ. ஓடும். 450 யூனிட் வேண்டும். இங்கேதான் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். நம்மூர் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் அடுத்த படியில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். காருக்குப் போகும் யூனிட் எல்லாம் மேல் படிகளில்தான் ஏறும். 350 யூனிட் ஓடும் வீட்டில் கார் வந்தால் மொத்தம் 800 யூனிட். ஆயிரத்துக்குள் இருந்த பில் ஐயாயிரத்தை நெருங்கும்.

பில்லைப் பார்த்ததும் பக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் மாதம் சுமார் 7,000 ரூபாய் மிச்சம். கூடுதலாகப் போட்ட 1.77 லட்சம் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலேயே திரும்பிவிடும்.

எல்லோருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. கோயில், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மதுரை என்று மாதம் 400 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் மாதம் 2,300 ரூபாய்தான். போட்ட காசு திரும்ப ஆறரை வருஷம் ஆகும். கடனில் வாங்கினால் வட்டி வேறு. சீசனுக்குச் சீசன் வருமானம் மாறும் ஊரில், மாதா மாதம் கூடுதல் தவணை கட்டுவது சின்ன விஷயமில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர் நிலைமை இன்னும் சிக்கல். "கார் சார்ஜ் எல்லாம் நம்ம மீட்டர்ல போடாதீங்க தம்பி" என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டால், பொது சார்ஜிங் நிலையம்தான் கதி. அங்கே யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால், 400 கி.மீ. ஓட்டுபவருக்குப் போட்ட காசு திரும்பவே 11 வருஷம் ஆகும். பெரும்பாலான நிறுவனங்களின் பேட்டரி வாரன்டியோ 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ.தான்.

வேலை இடத்தில் சார்ஜ் போடலாமே என்ற யோசனை பெருநகர ஐ.டி. அலுவலகத்துக்குச் சரி. செல்போனுக்கே தடை உள்ள பட்டாசு ஆலை வளாகத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

பேட்டரி தீப்பிடிக்குமா?

நெருப்போடு பிழைப்பு நடத்தும் ஊரில் இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, கார்களுக்கான ஏ.ஐ.எஸ். 038 உள்ளிட்ட பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்காக வீட்டு வயரிங்கில் அலட்சியம் கூடாது. சார்ஜ் போட தனி 15 ஆம்பியர் லைன், தனி எம்.சி.பி., சரியான எர்த் மூன்றும் அவசியம். கீழ்த்தளத்தில் காகித பண்டலோ கிஃப்ட் பாக்ஸோ அடுக்கியிருந்தால், அந்த இடத்தில் சார்ஜ் போடவே கூடாது.

தினம் 54 கி.மீ. ஓட்டுபவருக்கு இந்த 15 ஆம்பியர் பிளக்கே போதும். மூன்று, நான்கு மணி நேரத்தில் ஓடிய அளவு ஏறிவிடும். சென்னைப் பயணம் வேறு கதை. 500 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். வழியில் இரண்டு முறையாவது நிறுத்த வேண்டும். தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் சார்ஜருக்கு வரிசையில் நிற்கவும் நேரிடலாம்.

அப்போ, எதை வாங்குவது?

சொந்த வீடு, சொந்த பிளக், மாதம் 1,000 கி.மீ.க்கு மேல் ஓட்டம். மூன்றும் இருந்தால் மின்சார கார் தாராளமாக வாங்கலாம். மாடியில் சோலார் போட்டால் இன்னும் லாபம்; வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும், கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் கார் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாலை வரி விலக்கால் அதிக லாபம் அடைபவர் விலை உயர்ந்த கார் வாங்குபவர். வாடகை வீட்டில் இருக்கும் நடுத்தரச் சம்பளக்காரருக்குத் தேவை, வீட்டுப் பக்கத்தில் நியாயமான விலையில் ஒரு சார்ஜர். வீட்டில் சார்ஜ் போடுபவருக்குத் தேவை, ஏசி ஓடும் யூனிட்டோடு கார் யூனிட்டையும் சேர்த்து மேல் படிக்குத் தள்ளாத ஒரு கட்டணம். சிவகாசி, சாத்தூர் மாதிரி ஊர்களில் இந்த இரண்டும் நடந்தால், "பெட்ரோலா, ஈவியா?" என்ற கேள்விக்கு மக்களே பதில் சொல்லிவிடுவார்கள்.