கழுவிய கால்களைக் கழுவுவோர்

ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று நமது ஆலயங்களிலே பாதம் கழுவும் சடங்கு நடைபெறுகின்றது. பன்னிருவர் முன்வரிசையில் அமர்த்தப்படுவர். ஓய்வுபெற்ற அதிபர், ஆலய சபைச் செயலாளர், கட்டட நிதிக்குக் கணிசமாக வழங்கிய வர்த்தகர் என்று பெரும்பாலும் ஊரில் மதிப்புடையோரே அந்தப் பன்னிருவர். வீட்டிலேயே சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்த கால்களுடன்தான் அவர்கள் வந்திருப்பர். குருவானவர் சிறிது நீரூற்றித் துடைப்பார். படப்பிடிப்பாளர் முழந்தாளிடுவார்; அன்றைய தினம் உண்மையில் சிரமப்பட்டுக் குனிபவர் அவர் ஒருவரே.

அந்தப் படம் பத்திரிகை அலுவலகத்துக்கும் வரும். கூடவே படத்தின் கீழ் இடவேண்டிய பெயர்களும் பட்டங்களும் தனித்தாளில் வந்து சேரும். 'அதி வண.' என்பது 'வண.' ஆகிவிட்டதற்காகவும், 'கலாநிதி' விடுபட்டதற்காகவும் மறுநாட் காலை தொலைபேசியில் கண்டனம் கேட்டவன் நான். பாதம் கழுவிய செய்திக்கு!

யோவான் எழுதிய நற்செய்தி கூறும் அந்த இரவு இத்தகையதன்று. செருப்பணிந்து புழுதித் தெருவில் நடந்துவந்த கால்கள் அவை. அவற்றைக் கழுவுவது அக்காலத்தில் அடிமைகளின் வேலை. அதனாலேயே பேதுரு மறுத்தார். அதே இராப்போசனத்தின்போதுதான் தம்முள் பெரியவர் யார் என்று சீடர்கள் வாதிட்டதாக லூக்கா எழுதுகின்றார். இன்னொன்றையும் நாம் எளிதில் கடந்துவிடுகின்றோம். யூதாஸ் அப்போது எழுந்து சென்றிருக்கவில்லை. காட்டிக்கொடுக்கப் போகின்றவன் என்று அறிந்தே அவனுடைய கால்களும் கழுவப்பட்டன. நமது பன்னிருவர் பட்டியலில், ஆலய நிருவாகத்தோடு பிணக்குப்பட்டு மூன்று வருடங்களாகப் பூசைக்கு வராத ஒருவரின் பெயரை எங்கேனும் கண்டதுண்டா?

கத்தோலிக்கர் இதனைத் தாழ்ச்சி என்பர்; ஏனைய சபையினர் தாழ்மை என்பர். சொல் எதுவாயினும் அதனை யார் யாருக்குப் போதிக்கின்றனர் என்பதே என் வினா. ஆலயக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்ட இளைஞனுக்குத் தாழ்மை போதிக்கப்படுகின்றது. கணவனின் அடியைப் பொறுக்கமாட்டாமல் முறையிட வந்த பெண்ணுக்கும் அதுவே போதிக்கப்படுகின்றது. சாதி பார்த்து ஆலயத்தில் இருக்கையும் சேமக்காலையில் குழியும் ஒதுக்கியபோது, ஒதுக்கப்பட்டவனிடமே பொறுமை கோரப்பட்டது. மேலிருப்பவனிடம் கேட்கப்பட வேண்டிய ஒன்றைக் கீழிருப்பவனிடம் வசூலித்துவிட்டு அதற்குப் புண்ணியம் என்று பெயரிடுவது மோசடியன்றி வேறென்ன? தாழ்மை என்பது இறங்குவது. இறங்குவதற்கு முதலில் ஓர் உயரம் வேண்டும். ஏற்கெனவே மிதிபட்டுக் கிடப்பவன் எங்கே இறங்குவான்?

இறங்கியவர் ஒருவர் நமது மண்ணிலேயே நடந்திருக்கின்றார். கோவாவில் 1651ஆம் ஆண்டு பிராமண வழிவந்த குடும்பத்திற் பிறந்த யோசேவாஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். சில்லாலையில் ஒளிந்திருந்து பணியாற்றினார். கண்டியில் ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் அங்கு வைசூரி பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களுடைய புண்களைத் தம் கையாற் கழுவினார். ஆயராக உயர்த்த முன்வந்தபோது மறுத்துவிட்டார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட வேளையில், முன்வரிசை ஆசனங்களுக்கான அழைப்பிதழ் தேடி அலைந்தோரை நான் அறிவேன்.

அன்று அவரைப் புனிதராக்கிய பாப்பரசர் பிரான்சிஸ், 2013இல் பதவியேற்ற இரு வாரங்களில் றோம் நகரின் இளங்குற்றவாளிகள் சிறைக்குச் சென்று பன்னிருவரின் கால்களைக் கழுவியவர். அவர்களில் இருவர் பெண்கள், இஸ்லாமியரும் இருந்தனர். ஆண்களின் கால்களை மட்டுமே கழுவலாம் என்பது அன்றைய வழிபாட்டு விதி. விதி மீறப்பட்டதென்று திருச்சபைக்குள்ளேயே முணுமுணுத்தனர். 2016இல் விதியே மாற்றப்பட்டது. 2025 ஏப்ரலில், இறப்பதற்கு நான்கு நாட்கள் முன்னர், பெரிய வியாழனன்று மீண்டும் ஒரு சிறைக்குச் சென்று, இம்முறை கழுவ இயலவில்லை என்று கைதிகளிடம் கூறினார். இயலாமையைச் சொல்லிக்கொள்ளவும் ஒருவர் அங்கே நேரிற் போகலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பதவிக்கு மதிப்பு வேண்டாமா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். வேண்டும். அதனைப் பிறர் தரட்டும். கேட்டு வாங்கும்போது அது மதிப்பாக இராது, வரியாகிவிடும்.

இதனை எழுதும் தகுதி எனக்குண்டா? எங்கள் தொழிலில் தாழ்மைக்கு 'திருத்தம்' என்று பெயர். பிழையான செய்தி முதற்பக்கத்தில் நான்கு பத்தித் தலைப்புடன் வரும். திருத்தமோ உட்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே, மூன்று வரியில் முடிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டுறவுக் கடை முகாமையாளர் பணம் கையாடினார் என்று நான் எழுதிய செய்தி பொய்யென நிரூபணமாயிற்று. அந்த மூன்று வரியை எழுதிவிட்டு என் கடமை முடிந்ததென்றிருந்தேன். அவருடைய வீடு என் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடத் தூரம். அந்தப் படலையைத் திறக்க எனக்கு ஏழு மாதங்கள் சென்றன. அவர் என்னைத் திட்டவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டு, "இருங்கோ" என்றார்.