விரிந்த பாராசூட்டும் கொல்லும்

வானிலிருந்து குதிப்பவருக்கு உள்ள ஒரே ஆபத்து பாராசூட் விரியாமல் போவதுதான், விரிந்துவிட்டால் கண்டம் கழிந்தது என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. சினிமா காட்டுவது அதைத்தான். குதிக்கப் போவதாக வீட்டில் சொல்லும் பிள்ளையிடம் அம்மா முதலில் கேட்பதும் அதைத்தான். ஸ்கைடைவிங்கில் பல வருடம் ஊறியவர்களிடமும் இதே நம்பிக்கை சற்று நாகரிகமான உருவத்தில் உண்டு: பாராசூட் விரிந்த பிறகு எப்படி இறங்குவது என்பது குதிப்பவரின் சொந்த விஷயம், அதில் பயிற்சி மையம் மூக்கை நுழைக்கக் கூடாது. இரண்டும் தவறு. முதலாவது அறியாமையில் பிறந்தது, மன்னித்துவிடலாம். இரண்டாவது விவரம் தெரிந்தவர்கள் சொல்வது.

விரியாத பாராசூட்டைப் பற்றிய பயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே காரணம் உண்டு. கரியாலூரும் வெள்ளிமலையும் இருக்கும் கல்வராயன் மலை, கிழக்கே கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மேற்கே சேலம் மாவட்டத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. அந்தச் சேலம் மாவட்டத்தில் ஸ்கைடைவிங் நடந்த ஓர் இடம், ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். அங்கே 2014 ஜனவரி இறுதியில் நடந்த பயிற்சியின்போது, பெங்களூருவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பாராசூட் சரியாக விரியாமல் விழுந்து உயிரிழந்தார். தமிழ்நாட்டில் ஸ்கைடைவிங் பேச்சு வந்தால் அந்தச் சாவு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. பாராசூட்டை மடித்தது யார், பயிற்சி போதுமா என்று கேட்பது நியாயம். ஆபத்து முழுவதையும் பாராசூட் மடிக்கும் கூடத்திலேயே தேடிவிட்டு, இறங்கும் மைதானத்தை மறந்துவிடுவதுதான் கோளாறு.

விரிந்தால் கண்டம் கழிந்தது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. வட்டப் பாராசூட் காலத்தில் இறங்குபவர் காற்று கொண்டுபோன பக்கம் போனார். கணுக்கால் முறியலாம், விரிந்த பாராசூட்டின் கீழ் உயிர் போவது அபூர்வம். 1960களில் டொமினா ஜால்பெர்ட் உருவாக்கிய வடிவம் நிலைமையை மாற்றியது. வரிசையான அறைகளுக்குள் காற்று புகுந்து விறைக்கும் அந்தப் பாராசூட் உண்மையில் ஓர் இறக்கை. அது முன்னோக்கிப் பறக்கும், திரும்பும், பாயும். பிறகு 1991இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. குதித்தவர் மயங்கினாலும் கயிற்றை இழுக்க மறந்தாலும், தரையிலிருந்து ஏறத்தாழ 750 அடியில் ரிசர்வ் எனும் மாற்றுப் பாராசூட்டை அது தானே திறந்துவிடும். அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023இல் 36 லட்சத்துக்கும் அதிகமான குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். விரியாத பாராசூட்டை மனிதன் பெருமளவுக்கு வென்றுவிட்டான்.

அதே ஆண்டுகளில் இன்னொரு மாற்றமும் நடந்தது. காற்று ஊடுருவாத துணி வந்தது. பாராசூட்டின் பரப்பு சுருங்கியது. ஓரங்கள் நீள்வட்டமாக வளைந்தன. எல்லாம் வேகத்துக்காக. சாவுப் பட்டியலில் விரியாத பாராசூட் இறங்க இறங்க, பழுதே இல்லாமல் முழுசாக விரிந்த பாராசூட் மேலே ஏறியது. இறந்தவர்களில் கணிசமானோர் நூற்றுக்கணக்கில், சிலர் ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள்.

சாதாரண இறக்கம் சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. சுமார் 1,000 அடியில் தொடங்கி, காற்று போகும் திசையில் ஒரு நேர்கோடு, குறுக்கே ஒரு கோடு, பிறகு காற்றை எதிர்த்துக் கடைசிக் கோடு. தரை நெருங்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து இழுத்தால் பாராசூட் வேகம் தணிந்து, கடைசிப் படியிலிருந்து இறங்குவதுபோல் இறக்கிவிடும். விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழுவினர் 1987இலிருந்து கூட்டத்தின் முன்னால் கொடியோடு இறங்கிக் கைத்தட்டல் வாங்கி வருகிறார்கள். பார்க்க வந்தவர்களை மகிழ்விக்க, குறித்த இடத்தில் நிதானமாக வந்து நிற்பதே போதும்.

அதிவேக இறக்கம் வேறு கணக்கு. குதிப்பவர்கள் அதை ‘ஸ்வூப்’ என்கிறார்கள். 600, 700 அடியில், சிலர் அதற்கும் மேலே, தோளுக்கு முன்னாலுள்ள ரைசர் பட்டை ஒன்றை இழுத்து, இடுப்பைச் சாய்த்து, பாராசூட்டை 270 பாகையோ அதைவிட அதிகமாகவோ சுழற்றுகிறார்கள். பாராசூட் கீழ்நோக்கிப் பாய்கிறது. ஆள் அதன் பக்கவாட்டில் வீசப்படுகிறார். பாய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது பின்பக்க ரைசர்களை அளந்து இழுத்து அதைக் கிடைமட்டமாக்க வேண்டும். அது சரியாக அமைந்தால் கால் விரல் புல்லை உரச நூறு மீட்டருக்கு மேல் வழுக்கிக்கொண்டு போய் நிற்கலாம். அழகான காட்சி, மறுப்பதற்கில்லை. உலகப் போட்டிகளில் 70 மீட்டர் வளைவுப் பாதையை இரண்டு விநாடி சொச்சத்தில் கடந்தவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.

எங்கே தவறுகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். பாய்ச்சலில் ஒருவர் விநாடிக்கு 25 மீட்டர் வீதம் கீழே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுழற்சியை 50 அடி தாழ்வாகத் தொடங்கிவிட்டார். 50 அடி என்பது 15 மீட்டர். அது தீர 0.6 விநாடி ஆகும். தரை நெருங்குவது கண்ணில் பட்டு, மூளை முடிவெடுத்து, கை அசைவதற்குள் அதில் பாதி போய்விடும். மோதும் ஆற்றலும் வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 40 கிலோமீட்டரில் தரையில் மோதுவதைவிட 110 கிலோமீட்டரில் மோதும் உடல் ஏழரை மடங்கு ஆற்றலைத் தாங்க வேண்டும். இங்கே ரிசர்வ் உதவாது, திறக்க உயரம் இல்லை. சைப்ரஸின் கதையே இதற்குச் சாட்சி. வழக்கமான சைப்ரஸ், ஆள் விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்தால் ‘இவருக்குப் பாராசூட் விரியவில்லை’ என்று முடிவு கட்டும். ஸ்வூப் செய்பவர்கள் விரிந்த பாராசூட்டிலேயே அந்த வேகத்தை நெருங்கத் தொடங்கியதால், 43 மீட்டர் வேகத்தில் மட்டும் இயங்கும் தனி மாதிரியை அந்த நிறுவனம் தயாரிக்க வேண்டிவந்தது. விழுகிறாரா, இறங்குகிறாரா என்று பிரித்தறியக் கருவியே திணறிய வேகத்தை ‘இறக்கத்தில் ஒரு பாணி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேகத்துக்கு அடுத்த காரணி பாரம். மாட்டியிருக்கும் சாமான்களோடு ஒருவர் 180 பவுண்டு என்றால், பயிற்சிக்குரிய 230 சதுர அடிப் பாராசூட்டில் சதுர அடிக்கு 0.8 பவுண்டுகூட விழாது. அதே ஆள் 90 சதுர அடிக்கு மாறினால் 2 பவுண்டு. சமவெளியில் அடங்கியிருக்கும் பாராசூட் மலையில் அடங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்வராயன் மலை 2,000 முதல் 3,000 அடி உயரம். அதன் மேல்தட்டில் காற்றின் அடர்த்தி கள்ளக்குறிச்சியில் இருப்பதைவிட ஏழெட்டு சதவீதம் குறையும். அதே பாராசூட், அதே ஆள், அதே கைவேகம். ஆனால் கீழே 700 அடியில் முடிந்த சுழற்சி மேலே இன்னும் 50 அடியாவது தின்னும். மேலே சொன்ன 0.6 விநாடி அந்த 50 அடிதான். கரியாலூரில் இன்று படகுத்துறையும் பூங்காவும் உண்டு, ஸ்கைடைவிங் மையம் இல்லை. நாளை அங்கேயோ வேறு மலைத்தட்டிலோ ஒன்று வருமானால், மரவள்ளிக் காட்டுக்கும் மரங்களுக்கும் நடுவே கிடைக்கும் சின்னத் திறந்தவெளியில், சரிவில் ஏறி இறங்கும் காற்றில், சமவெளிப் பழக்கத்தோடு ஒருவர் ரைசரை இழுப்பதை அந்த மையம் அனுமதிக்கலாமா என்பது முதல் நாளே முடிவாக வேண்டிய விஷயம்.

ஆதரவாளர்களின் முதல் வாதம் தனிமனித சுதந்திரம்: என் உயிர், என் விருப்பம். ஆளில்லாத மைதானத்தில் தனியாக இறங்குபவர் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பொது மைதானத்தில் அது செல்லாது. ஒரு விமானத்திலிருந்து குதித்தவர்கள் எல்லோரும் சில நிமிட இடைவெளிக்குள் ஒரே வெளியை நோக்கி இறங்குகிறார்கள். கீழே இருப்பவருக்கே முன்னுரிமை என்பது எங்கும் உள்ள விதி. 270 பாகை சுழல்பவரோ பெரும்பகுதி நேரம் இறங்கும் திசைக்குப் புறம்காட்டியே இருக்கிறார். கீழே மெதுவாகப் போகும் பாராசூட் அவர் கண்ணில் படுவதற்குள் அதன்மேல் வந்துவிடுவார். நிதானமாக இறங்கும் மற்றவருக்கு மேலிருந்து வருவது தெரியவே தெரியாது. அந்த மற்றவர் முதல்முறை குதிக்கும் மாணவராக இருக்கலாம். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பிறந்தநாள் பரிசாகக் குதிக்க வந்த டாண்டம் வாடிக்கையாளராகவும் இருக்கலாம். அவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியில் அடுத்தவரின் சாகசத்துக்கும் சேர்த்தா கையெழுத்துப் போட்டார்கள்?

இரண்டாவது வாதம் பயிற்சி. முறையாகக் கற்றால் ஆபத்தில்லை என்கிறார்கள். கற்பதால் பிழை குறைகிறது என்பது சரி. ஆனால் திறமை கூடியவர் அதே பாராசூட்டில் நிற்பதில்லை. இன்னும் சிறியதற்கு, இன்னும் பெரிய சுழற்சிக்குப் போகிறார். கற்றதால் கிடைத்த பாதுகாப்பை வேகம் வாங்கிக்கொண்டுவிடுகிறது. பிழைக்கான இடம் அப்படியே 0.6 விநாடியாகவே இருக்கிறது.

மூன்றாவது வாதத்தில்தான் கொஞ்சம் சத்து இருக்கிறது. தடை செய்தால் திருட்டுத்தனமாகச் செய்வார்கள், வழிகாட்ட ஆளில்லாமல் சாவார்கள் என்பது அது. போட்டியையும் துணைக்கு அழைக்கிறார்கள்: கேனபி பைலட்டிங் என்ற பெயரில் ஸ்வூப், பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு அங்கீகரித்த போட்டி. 2006இல் வியன்னாவில் அதன் முதல் உலக சாம்பியன் போட்டியும், 2012இல் துபாயில் இன்னொன்றும் நடந்தன. அங்கெல்லாம் பாய்வது பெரும்பாலும் நீர்த்தடாகத்தின் மேல், பாதையில் வேறு யாருக்கும் இடமில்லை, ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள். இந்தப் போட்டியைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே ஸ்வூப் செய்ய உரிமை கேட்பது, பந்தயத் தடத்தைக் காட்டிக் கடைத்தெருவில் பைக் பந்தயம் ஓட்ட உரிமை கேட்பதற்குச் சமம். போட்டி நடத்துபவர்கள் முதலில் செய்வதே ஆட்களைப் பிரிப்பதுதான்.

பிரிப்பதை மற்ற நாடுகள் விதியாக்கியிருக்கின்றன. அமெரிக்கப் பாராசூட் சங்கம் தன் உறுப்பு மையங்களிடம் அதிவேக இறக்கத்தையும் சாதாரண இறக்கத்தையும் பிரித்து வைக்கும் உறுதியை வாங்குகிறது; 90 பாகைக்கு மேல் திரும்பி இறங்குவது அங்கே தனிக் கணக்கு. நெதர்லாந்திலும் பிரான்ஸிலும் எத்தனை முறை குதித்தவர் எவ்வளவு சிறிய பாராசூட்டில் பறக்கலாம் என்பதற்கு அட்டவணையே உண்டு. பிரிட்டனில் பாராசூட்டைக் கையாளும் திறனுக்குப் படிப்படியான தகுதிகள் உண்டு. சுதந்திரம் பறிபோனதாக அங்கெல்லாம் யாரும் விளையாட்டை விட்டுவிடவில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. ஹரியானாவின் நார்னோலாகட்டும், மத்தியப் பிரதேசச் சுற்றுலாத் துறை உஜ்ஜயினில் நடத்தும் குதிப்பு விழாவாகட்டும், வருமானம் தருவது முதல்முறை குதிக்க வரும் டாண்டம் வாடிக்கையாளர்தான். நாலைந்து பேரை ஏற்றும் சின்ன விமானம், ஒரே ஓடுதளம், பக்கத்திலேயே இறங்கும் வெளி. பல இடங்களில் வசதி இவ்வளவுதான். இரண்டு மைதானமாகப் பிரிக்க நிலம் கிடையாது. நிலத்தால் பிரிக்க முடியாதபோது நேரத்தால் பிரிக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் அந்த மையம் அதிவேக இறக்கத்தை அனுமதிக்கவே கூடாது.

நேரத்தால் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மற்றவர்கள் தரையில் கால் வைத்த பிறகு, விமானம் இன்னொரு சுற்று வந்து 5,000 அடியில் ஸ்வூப் செய்பவரை மட்டும் இறக்கிவிட வேண்டும். அவர் குதித்ததும் பாராசூட்டைத் திறந்து காலியான வெளியில் இறங்கலாம். செலவாகும், உண்மை. அந்த எரிபொருள் காசை அவரே கொடுக்கட்டும். டாண்டம் வாடிக்கையாளர் கட்டிய பணத்தில் ஒரே சுற்றில் எல்லோரையும் தள்ளிவிட்டு, கீழே வரிசையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் இன்றைய சிக்கனம்.

விதி எழுத இடமும் இருக்கிறது. 2022 ஜூனில் ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட தேசிய வான்விளையாட்டுக் கொள்கை, 11 விளையாட்டுகளுள் ஒன்றாகப் பாராசூட் குதிப்பைச் சேர்த்தது. இந்திய வான்விளையாட்டுக் கூட்டமைப்பு உச்சியிலும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சங்கம் அதன் கீழுமாக, பாதுகாப்பு விதிகளை வகுக்கும் பொறுப்பு அவற்றிடம் கொடுக்கப்பட்டது. கருவிகளின் சான்றும் பயிற்றுநரின் தகுதியும் எவ்வளவு முக்கியமோ, கடைசி 1,000 அடியும் அவ்வளவு முக்கியம். பொது இறக்கத்தில் 90 பாகைக்கு மேற்பட்ட திருப்பம் கூடாது. குதித்த எண்ணிக்கைக்கு ஏற்பப் பாராசூட்டின் பரப்புக்குக் கீழ்வரம்பு வேண்டும். உயரமான இடங்களில் அந்த வரம்பு இன்னும் கடுமையாக வேண்டும். தரையில் நின்று இதைக் கவனிக்க ஒருவரை மையம் நியமிக்க வேண்டும். அவர் பயிற்றுநராகவோ மையத்தின் பங்குதாரராகவோ இருக்கக் கூடாது. மீறியவர், எத்தனை ஆயிரம் முறை குதித்தவராக இருந்தாலும், அன்று மறுபடி விமானம் ஏறக் கூடாது.