ஒரே பெயர், வேறு வேறு போன்

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் எனது சகோதரியின் மகன் ஐபோன் 15 ஒன்றை வாங்கினார். ஏனைய கடைகள் சொன்ன விலையை விட 30,000 ரூபா குறைவு. சந்தோஷமாக என்னிடம் கொண்டு வந்து காட்டிவிட்டு, சிம் அட்டையைப் போடப் பார்த்தார். "மாமா, இதுல சிம் போடுற எடமே இல்லயே" என்றார்.

அது அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்யப்பட்ட செட். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க செட்டுகளில் சிம் தட்டு கிடையாது. ஈ-சிம் மாத்திரம்தான். இங்கும் ஈ-சிம் எடுக்கலாமே என்று கடைக்காரர் சொல்ல, அவரும் எடுத்துக் கொண்டார். இரண்டு மாதங்களின் பின் போன் கீழே விழுந்து திரை போய்விட்டது. முன்னரென்றால் அட்டையைக் கழற்றி லாச்சியில் கிடக்கும் பழைய பட்டன் போனில் போட்டிருப்பார். இப்போது கழற்ற அட்டை இல்லை. அன்று முழுவதும் ஊர்க் கடைக்காரர்களின் ஓடர்களும் வரவில்லை, வங்கியின் இரகசிய இலக்கமும் வரவில்லை. மிச்சம் பிடித்த 30,000 ரூபாவின் கணக்கு அன்றே முடிந்தது.

வளைகுடாவில் இருக்கும் மகனிடமோ மச்சானிடமோ போன் கொண்டு வரச் சொல்லும் வழக்கம் எம்மவர்களிடம் உண்டு. அவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2025இல் வெளிவந்த ஐபோன் 17, அமெரிக்காவில் மட்டுமல்ல, சவூதி, கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளிலும் ஈ-சிம் மட்டுமே உள்ளதாக விற்கப்படுகின்றது. அதே மொடலின் ஹொங்கொங் செட்டில் இரண்டு சிம் அட்டைகள் போடலாம். 'ஹொங்கொங் செட்' என்றால் முகம் சுளிப்பவர்கள் இருக்கின்றார்கள். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு இலக்கம் வைத்திருப்பவருக்கு அதுதான் பொருத்தம் என்பேன். உத்தரவாதம் வேறு விடயம். வாங்கிய நாட்டிலேயே உத்தரவாதச் சேவையை மட்டுப்படுத்த அப்பிள் கொம்பனிக்கு உரிமை உண்டு. ஆகவே கடைக்காரர் தருவது கொம்பனி உத்தரவாதமா, கடை உத்தரவாதமா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சம்சுங் விடயத்தில் எனக்கு அவ்வளவு கவலையில்லை. 2024இல் வந்த எஸ்24க்கு அமெரிக்காவில் ஸ்னப்டிராகன் சிப், பெரும்பாலான ஏனைய நாடுகளில் எக்ஸினோஸ் சிப். இளைஞர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவார்கள். பில் அனுப்பவும் வட்ஸ்அப் பார்க்கவும் போன் வைத்திருக்கும் நமக்கு இரண்டும் போதும்.

சீனச் சந்தைக்கான மலிவு போன்கள்தான் ஆபத்து. அவற்றில் கூகுள் பிளே ஸ்டோர் இருக்காது. சிலர் மென்பொருளை மாற்றி 'குளோபல்' என்று விற்கின்றார்கள். பூட்டைத் திறந்து அப்படி மாற்றிய போனில் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். காசு அனுப்ப நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

ஐபோன் என்றால் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'அபவுட்' என்று போய் மொடல் இலக்கத்தைப் பாருங்கள். கடைசியில் எல்எல் என்றால் அமெரிக்கா, இசெட்பி என்றால் ஹொங்கொங், எச்என் என்றால் இந்தியா. எந்தப் போனாக இருந்தாலும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதியப்பட்டுள்ளதா என்பதையும் காசு கொடுக்க முன் விசாரியுங்கள்.

போன் வியாபாரம் செய்யும் சகோதரர்களிடமும் ஒரு வார்த்தை. எந்த நாட்டு செட் என்பதை பில்லில் எழுதிக் கொடுங்கள். "சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவான் நானா" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். போகட்டும். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் விலை குறைவுக்குக் காரணம் தெரிந்து வாங்கியவர் மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்து கடை வாசலில் சத்தம் போடமாட்டார்.

மருமகன் அந்தப் போனைத் திருத்தி வீட்டில் கொடுத்துவிட்டார். கடைக்கு இரண்டு சிம் போடும் ஹொங்கொங் செட் ஒன்று வாங்கியிருக்கின்றார், வேறு கடையில். பில்லில் நாட்டின் பெயர் எழுதியிருந்தது.