தாஜ்மகாலும் எங்கள் வீட்டு பாத்ரூமும்

வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்... ஹாலுக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தை பாத்ரூம் சாப்பிட்டுவிடும்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்பா தறி போட்ட இடத்தில் நான் வீடு கட்டியபோதும் அதேதான் நடந்தது. "ராஜஸ்தான் மக்ரானா கல்லு சார்! தாஜ்மகாலே இதுலதான் கட்டினான்" என்று கடைக்காரர் சொன்னதுதான் தாமதம், எனக்குள் தூங்கிக் கொண்டிருந்த ஷாஜகான் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஷவருக்குக் கீழே தரை, சுற்றி மூன்று சுவர், எல்லாம் வெள்ளை மார்பிள். மாசா மாசம் லோன் தவணை கட்டும்போது மட்டும் ஷாஜகானைக் காணோம்!

நாலு வருஷம் கண்ணாடி மாதிரி இருந்தது. "கல்லு அப்படிப்பட்ட கல்லு" என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக் கொண்டேன்.

போன மாதம் அப்பா கண் ஆபரேஷனுக்காக சென்னையில் தங்கை வீட்டுக்குப் போனார். மூன்றே வாரம்! ஷவர் சுவரெல்லாம் திட்டுத் திட்டாக உப்பு. எங்கள் போர் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அப்பேர்ப்பட்ட தண்ணி.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வர்றாரு. அதுக்குள்ள இதை ஏதாவது பண்ணுங்க" என்றாள் மனைவி.

பண்ணினேன். கடையில் பாத்ரூம் ஆசிட் ஒரு பாட்டில் வாங்கி வந்து ஊற்றினேன். 'புஸ்ஸ்ஸ்' என்று நுரைத்தது. "பாத்தியா, அழுக்கு எப்படி அலறிட்டு ஓடுது!" என்றேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

கழுவிப் பார்த்தால்... உப்பு போயிருந்தது. கூடவே பளபளப்பும் போயிருந்தது! தடவினால் சொரசொரப்பு.

பட்டு நூலுக்குச் சாயம் போடும் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தம்பி, நுரைச்சது அழுக்கு மட்டும் இல்ல. கல்லும் சேர்ந்துதான்!"

விஷயம் இதுதான். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லின் மறுபிறவி. போர் தண்ணி விட்டுப் போகிற வெள்ளைத் திட்டும் பெரும்பாலும் அதே சரக்குதான். ஆசிட்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. இரண்டையும் கரைக்கும். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் அதற்குத் தம்பிமார்கள். குத்துவிளக்குக்குப் புளி மருந்து, மார்பிளுக்கு விஷம்!

"எங்க பட்டு இதுக்கு நேர் எதிர் தம்பி. தொட்டியில கொஞ்சம் ஆசிட் விட்டாத்தான் சாயம் பிடிக்கும். சோடா ஜாஸ்தியானா நூல் செத்துடும். வெளுக்கறதுக்கு முன்னால, எதை வெளுக்கறோம்னு தெரியணும்ல?"

"அப்ப தாஜ்மகாலை எப்படிப்பா கழுவறாங்க?" என்றாள் பள்ளிக்கூடம் போகும் மகள். தேடிப் பார்த்தேன். 1994லிருந்து தொல்லியல் துறை அதற்கு அவ்வப்போது முல்தானி மிட்டி பூசுகிறதாம்! குழைத்துப் பூசி, காயவிட்டு, சுத்தமான தண்ணியில் கழுவி விடுகிறார்கள். அழுக்கை மண் இழுத்துக் கொள்ளும். கல்யாணத்துக்குப் போகுமுன் என் மனைவி முகத்தில் அப்பிக் கொள்கிற அதே சமாச்சாரம்! அதோடு விட்டார்களா? சுற்று வட்டாரத்தில் நிலக்கரி எரிக்கும் ஆலைகள் கேஸுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்று 1996ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. கழுவுவதைவிட, சேராமல் பார்த்துக் கொள்வதுதான் வைத்தியம் என்று அர்த்தம்.

ஆனால் முல்தானி மிட்டி அழுக்கைத்தான் எடுக்கும். அரித்த கல்லை வளர்க்காது. மெஷின் போட்டுத் தேய்க்க பாலிஷ்காரர் கேட்ட தொகைக்கு, எங்கள் ஊரில் நல்ல பட்டுப்புடவையே எடுக்கலாம்.

அப்பா திரும்பி வந்தார். பாத்ரூமைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் எனக்கு லீவு. எங்கள் வீட்டில் எப்போதும் கடைசியாகக் குளிப்பவர் அப்பாதான். எங்களுக்கு ஆபீஸ், ஸ்கூல் அவசரம் என்று விட்டுக் கொடுக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். குளித்து முடித்தும் ரொம்ப நேரம் வெளியே வராததால் கதவைத் தட்டினேன். திறந்தார். கறுப்புக் கண்ணாடியோடு, கையில் பழைய வேட்டித் துண்டு. மேல் சுவரிலிருந்து கீழ்வரை துடைத்துக் கொண்டிருந்தார்.

"தினமும் இதைத்தான் பண்றீங்களாப்பா?"

"தண்ணி காஞ்சாத்தானேடா உப்பு நிக்கும்? காயறதுக்குள்ள துடைச்சிட்டா ஏது உப்பு? வாரத்துக்கு ஒருதரம் லேசா சோப்புத் தண்ணி. அவ்ளோதான்."

நாலு வருஷமும் பளபளத்தது மக்ரானா கல் இல்லை, சார்.

"கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு. குனியாதீங்கப்பா. குடுங்க" என்று துண்டை வாங்கிக் கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் கடைசியாகக் குளிப்பது நான்தான். ஆபீசுக்குப் பத்து நிமிஷம் லேட். மானேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும்... ஷாஜகானுக்கே தாஜ்மகாலைத் துடைக்கிற பாக்கியம் கிடைக்கவில்லையே!