525 மடங்கு

போன வாரம் தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினார். மகளுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. பிறந்தநாளுக்குத் தொலைநோக்கி கேட்கிறாளாம். திரையில் ஒரு விளம்பரம்: 525 மடங்கு பெரிதாகக் காட்டும்!

“இதை வாங்கலாமாண்ணே?”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதே எண் போட்ட பெட்டி ஒன்று எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் எட்டு ஆண்டுகளாகக் கிடக்கிறது. மகனுக்காக வாங்கியது. முதல் நாள் நிலாவைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. பிடித்த நிலாவும் குழாயைத் தொட்டால் நடுங்கியது, தொடாவிட்டால் நழுவிப் போனது. மூன்றாம் இரவுக்குப் பிறகு அவன் அதைக் கேட்கவே இல்லை. பணம் போனதைவிட எனக்கு அதுதான் வருத்தம்.

பெட்டியில் போட்டிருக்கும் மடங்குக் கணக்கை நம்பாதீர்கள். பார்க்க வேண்டியது முன்பக்க வில்லையின் அல்லது ஆடியின் விட்டத்தை. ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே உச்ச வரம்பு. 60 மி.மீ. கருவி 120 மடங்கைத் தாண்டினால் காட்டுவது பெரிய கலங்கல்தான். 1610ல் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களைக் கண்ட கலிலியோவின் கையில் இருந்ததே ஏறக்குறைய 20 மடங்குக் கருவி.

“நம்ம ஊர் வானத்தில் என்ன தெரியும்?” என்றார் நண்பர். நியாயமான கேள்வி. 2016ல் வெளியான உலக ஒளி மாசு ஆய்வு, சிங்கப்பூரைத்தான் முதலிடத்தில் வைத்தது. இங்கே பால்வீதியை மறந்துவிட வேண்டும். ஆனால் நிலா, வியாழன், சனி மூன்றும் சிராங்கூன் சாலையின் தீபாவளி விளக்குகளுக்கும் அசராதவை. நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் கோள்கள் நமக்கு நல்ல உயரத்தில் வருகின்றன. குறுக்கே வரும் காற்றின் கனமும் குறைவு. சிக்கல் என்னவென்றால், அவ்வளவு உயரத்தில் இருப்பதை வீவக வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். ஆகவே மின்தூக்கியில் ஒரு கையால் தூக்கிப்போகும் அளவில் இருக்க வேண்டும் கருவி. தூக்கக் கனமாக இருந்தால் இரண்டாம் மாதமே ஸ்டோர் ரூம்தான்.

நான் சொன்னது, மேசைமேல் வைக்கும் சிறிய டாப்சோனியன். விட்டம் 114 அல்லது 130 மி.மீ. முக்காலி கிடையாது, பெட்டி போன்ற பீடத்தில் குழாய் உட்கார்ந்திருக்கும். கையால் தள்ளினால் திரும்பும், விட்டால் அங்கேயே நிற்கும். உறுதியான ஒரு ஸ்டூல் போதும். 650 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் 10 மி.மீ. ஐபீஸைப் பொருத்தினால் 65 மடங்கு. சனியின் வளையம் தெரிய அது தாராளம்.

இதை வடிவமைத்த ஜான் டாப்சன் ஒரு துறவி என்றதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் பார்ட்லி சாலை ராமகிருஷ்ணா மிஷன் எந்தப் பரம்பரையோ அதே பரம்பரையைச் சேர்ந்த சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 1944ல் சேர்ந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, அக்கம்பக்கத்தாருக்கு நிலாவைக் காட்டியவர். மடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் தொலைநோக்கியோடு வெளியே திரிந்ததால் 1967ல் மடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதன்பின் நடைபாதையே அவர் மடம்!

‘இக்வடோரியல்’ தாங்கி என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும். நமக்கு அந்தத் துருவம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ ஒரு பாகைதான் மேலே, ஏதாவது ஒரு புளோக்குக்குப் பின்னால்! சில தாங்கிகளை அவ்வளவு தாழ்த்தவே முடியாது.

வாங்கிய பிறகு பூஞ்சை ஒரு தொல்லை. நம் ஈரக் காற்றில் வில்லையில் பூத்துவிடும். ஐபீஸ்களையாவது சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். சூரியன் பக்கம் மட்டும் கருவியைத் திருப்பவே விடாதீர்கள். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி பெட்டியோடு வந்தால் அன்றே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “இப்போதே ஆர்டர் போட்டுவிடட்டுமா?” என்றார். பொறுங்கள் என்றேன். ஜூரோங்கில் அறிவியல் நிலையத்தின் வானாய்வுக்கூடம் வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டுவது பல ஆண்டு வழக்கம். இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துவிட்டுப் பிள்ளையை முதலில் அங்கே அழைத்துப் போகலாம். படத்தில் பார்த்த வண்ண வண்ணச் சனியை அவள் எதிர்பார்த்திருப்பாள். ஐபீஸில் தெரிவது பட்டாணி அளவு கூட இராது. அதைப் பார்த்தும் கண்ணை எடுக்காமல் நின்றால் அப்புறம் வாங்கலாம்.

வெள்ளி பார்க்க வெள்ளிக்கிழமை, வெள்ளியும் மிச்சம் என்று நண்பரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். வரும் வாரம் போகிறார்களாம். என் மகனும் கூட வருகிறேன் என்கிறான். மழைதான் வராமல் இருக்க வேண்டும்.